குருவி தலையில் பனங்காய்



இரவு மணி பதினொன்று. லயத்து விளக்குகள் அணைந்துவிட்டன. நாளை விடியுமுன் உளியும் வாளியுமாக நிரைக்குப் போக வேண்டிய தாய் படுத்துவிட்டாள். பால் கணக்கையும் செக்ரோலையும் முடித்து வந்த கிராணியாரும் படுத்துவிட்டார். அந்த நேரத்தில் தோட்டத்திலே விழித்திருந்து வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர்தாம். ஒருவர் காவற்காரர். மற்றவர் படிவம் நான்கிலே படிக்கும் பதினாறு வயதுப் பிள்ளை.

காவற்காரருக்குச் சம்பளம் உண்டு. ஓய்வு நாள் உண்டு. கூடுதல் நேரம் நின்றால் கூடுதல் கூலி உண்டு. அவருக்கு ஒரு குறை என்றால் கேட்கச் சங்கம் உண்டு. அந்தப் பிள்ளைக்கு என்ன உண்டு? எட்டுப் பாட நோட்டும், ஒரு பயிற்சிப் புத்தகமும், காலை ஐந்து மணிக்கு அடிக்கும் கடிகாரமுமே உண்டு. வீட்டுப்பாடம் என்னும் பெயரால் நம் பிள்ளைகள் மீது ஏற்றப்படும் சுமையைப் பற்றி நாம் இதுவரை வாய் திறக்கவில்லை. "படிக்கிற பிள்ளைதானே, படிக்கட்டும்" என்று இருந்துவிட்டோம். வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் போராடிய நாம், நம் வீட்டிலேயே நடக்கும் வரம்பில்லா வேலையைக் காணாதிருப்பது நியாயந்தானா?

செக்ரோலில் ஏறாத வேலை

நாம் தொழிலாளர்கள். எதையும் கணக்குப் போட்டுப் பார்த்துப் பழகியவர்கள். இதையும் கணக்குப் போடுவோம்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும். ஆறு மணிக்கெல்லாம் பஸ் வந்துவிடும். ஏழரைக்குத் தொடங்கும் பள்ளி பிற்பகல் இரண்டுக்கு முடிகிறது. நாளொன்றுக்கு ஆறரை மணி. ஐந்து நாளைக்கு முப்பத்திரண்டரை மணி. வாரத்தில் ஒரு நாள் புறப்பாட நடவடிக்கை. அது இரண்டு மணி. மூன்று இரவு டியூஷன், ஒன்றரை மணி வீதம் நாலரை மணி. வீட்டுப்பாடம் நாளைக்கு இரண்டு மணி என்று குறைத்தே வைத்தாலும் ஐந்து நாளைக்குப் பத்து மணி. கூட்டிப் பாருங்கள்: நாற்பத்தொன்பது மணி நேரம்! போக வர பஸ்ஸில் கழியும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஐம்பத்தொன்பதுக்குக் குறையாது. இது ஒரு பிள்ளையின் கணக்கு. ஒரு வீட்டில் கூடலாம், ஒரு வீட்டில் குறையலாம். உங்கள் பிள்ளையின் கணக்கை நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

இனி சட்டத்தைப் பார்ப்போம். 1955-ம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வைத்திருந்த வரம்பு, 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து 45 மணி நேரமாகக் குறைந்தது. வளர்ந்த ஆளுக்கு நாற்பத்தைந்து. வளரும் பிள்ளைக்கு நாற்பத்தொன்பது!

இன்னொரு சட்டமும் இருக்கிறது. பிள்ளைகளையும் இளையோரையும் வேலைக்கு வைப்பது பற்றிய 1966-ம் ஆண்டுச் சட்டம் அது. அதில் நம்மில் பலர் கவனியாத ஒரு விதி உண்டு. பள்ளிக்குப் போகும், பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்று வேலையும் செய்தால், பள்ளியில் இருக்கும் நேரத்தையும் வேலை நேரத்தையும் ஒன்றாகக் கூட்ட வேண்டும். மொத்தம் நாளைக்கு ஏழு மணியைத் தாண்டக் கூடாது. பதினைந்து முதல் பதினெட்டுக்குட்பட்ட இளையோருக்கு எட்டு மணி. இரவு எட்டு மணிக்குப் பின் வேலை வாங்கலாகாது என்றும் அதே சட்டம் பொதுவிதியாகச் சொல்கிறது.

இதன் பொருள் என்ன? வகுப்பில் உட்கார்ந்து படிப்பதும் உழைப்பே என்று சட்டம் எழுதியவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளையின் உடம்புக்கும் மூளைக்கும் ஓர் அளவு உண்டு என்றும் கண்டிருக்கிறார்கள். கடைக்காரர் ஒருவர் பதினான்கு வயதுப் பையனை இரவு ஒன்பது மணிக்குக் கல்லாவில் உட்கார வைத்தால் சட்டம் கேள்வி கேட்கும். அதே பையன் இரவு பதினொன்றரைக்குப் பயிற்சிப் புத்தகத்தின் மேல் தலை சாய்ந்து கிடந்தால் கேட்பதற்கு நாதியில்லை. காரணம், வீட்டுப்பாடம் எந்தச் செக்ரோலிலும் ஏறாத வேலை.

தூக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுவோம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ வல்லுநர்கள் 2016-ல் பரிந்துரைத்தார்கள். பதினொன்றரைக்குப் படுத்து ஐந்துக்கு எழும் பிள்ளைக்குக் கிடைப்பது ஐந்தரை மணி. மறுநாள் வகுப்பில் கண் சொக்கினால் "சோம்பேறி" என்ற பட்டமும் கிடைக்கிறது.

ஒரே ஆளுக்கு எட்டு நிரை

இந்தச் சுமை எப்படிச் சேருகிறது? ஆசிரியர்கள் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களும் நம்மைப் போல் சம்பளத்துக்கு உழைப்பவர்களே. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், பதிவேடு நிரப்ப வேண்டும், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவர்கள் தலையிலும் சுமை இருக்கிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. கணித ஆசிரியர் அரை மணிக்குரிய வேலை கொடுக்கிறார். சரித்திர ஆசிரியர் அரை மணிக்கு. மலாய், ஆங்கிலம், விஞ்ஞானம் என்று ஒவ்வொருவரும் தம் பங்குக்கு அரை மணிக்கு. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயம். சேர்த்துப் பார்ப்பவர் யார்?

எட்டுத் தண்டல்கள் வந்து ஒரே ஆளிடம் ஆளுக்கொரு நிரையைக் காட்டி, "இதை முடித்துவிட்டுப் போ" என்றால் நாம் சும்மா இருப்போமா? மரக் கணக்கைக் கொஞ்சம் கூட்டினாலே பெரட்டுக் களத்தில் குரல் எழுப்பியவர்கள் அல்லவா நாம்? பிள்ளைகளுக்கு மட்டும் மரக் கணக்கு இல்லை.

ஆறாம் ஆண்டில் நடந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021-லும், மூன்றாம் படிவத்தில் நடந்த பி.டி.3 தேர்வை 2022-லும் அரசாங்கம் ரத்துச் செய்தது. பிள்ளைகள் மூச்சுவிடுவார்கள் என்று எண்ணினோம். தேர்வு போயிற்று, பயிற்சிப் புத்தகம் போகவில்லை. வகுப்புசார் மதிப்பீடு என்ற பெயரில் திட்டப்பணிகள் வந்தன. படம் ஒட்ட வேண்டும், வண்ணத்தில் அச்செடுக்க வேண்டும், இணையத்தில் தேட வேண்டும். பட்டணத்து வீட்டில் கணினியும் அச்சுப்பொறியும் உண்டு. தோட்டத்துப் பிள்ளையோ அப்பாவின் கைப்பேசியில் தேடி, சனிக்கிழமை பஸ் ஏறிக் கடைக்குப் போய், பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து அச்செடுக்கிறது. மதிப்பெண் மட்டும் இருவருக்கும் ஒரே அளவுகோலில் விழுகிறது!

எந்த வீட்டை எண்ணிக் கொடுத்த பாடம்?

வீட்டுப்பாடம் என்ற சொல்லிலேயே ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் பிள்ளைக்கு ஒரு மேசை உண்டு, அமைதி உண்டு, சந்தேகம் கேட்டால் சொல்லித்தரப் படித்த பெற்றோர் உண்டு. அந்த வீடு நம் வீடு அன்று. லயத்தில் ஒரே கூடத்தில் சமையல், தொலைக்காட்சி, தம்பி தங்கை, இருமும் பாட்டி. தோட்டம் விற்கப்பட்டுப் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடிபோன குடும்பங்களுக்கும் இதே கதைதான். லயம் மேலே மேலே அடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

இது இன்று நேற்று வந்த குறையன்று. 1877-ல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்று நட்ட காலந்தொட்டு இந்தப் பேராக் மண்ணைச் செழிக்க வைத்தவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு எப்படிக் கொடுக்கப்பட்டது? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. கொட்டகை போட்டு, கணக்கும் எழுத்தும் தெரிந்த ஒருவரை உட்காரவைத்துக் கடமையைக் கழித்த நிர்வாகங்கள் பல. பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் வாய்ப்பு பெரும்பாலும் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கே இருந்தது. 1964-ன் முடிவில் இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு எடுபட்டு, 1965 முதல் கதவு திறந்தது. ஆனால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் புகுமுக வகுப்பு என்ற படியில் ஓர் ஆண்டு கூடுதலாக நின்றே உள்ளே போனார்கள்.

உள்ளே போன பின் பாடமொழி மாறிக்கொண்டே இருந்தது. 1970-ல் முதலாம் வகுப்பில் தொடங்கி, 1982-க்குள் ஆங்கிலப் பள்ளிகள் ஐந்தாம் படிவம் வரை மலாய் மொழிக்கு மாறின. 2003-ல் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்துக்குப் போயின. பிறகு அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற தாய் இத்தனை மாற்றங்களுக்கும் ஈடுகொடுத்து மகளுக்கு இயற்கணிதம் சொல்லிக் கொடுப்பாளா? "உன் அம்மாவைக் கேள்" என்ற சொல் அந்தத் தாயை அவமதிக்கும் சொல்லாகிவிடுகிறது.

2020-ல் கொரோனா தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது இது ஊரறிந்த உண்மையாயிற்று. பள்ளிப்பாடம் முழுவதும் வீட்டுப்பாடமாகியது. இணைய அலை கிடைக்கவில்லை என்று சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி மரத்தின் மேல் ஏறி இருந்து தேர்வெழுதியதை நாடே பார்த்தது. நம் தோட்டங்களில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் அப்பா வேலையிலிருந்து திரும்பிய பிறகே. பள்ளி திறந்ததும் அந்தப் பாடத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள். நாம் மறக்கக் கூடாது.

உலகம் சொல்லும் சாட்சி

இது தோட்டத்தானின் புலம்பல் என்று யாரேனும் தள்ளிவிடக் கூடும். உலகக் கணக்கையும் வைக்கிறோம். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி நிறுவனம் 2012-ல் பதினைந்து வயது மாணாக்கரிடம் எடுத்த கணக்கில், அதன் உறுப்பு நாடுகளில் வீட்டுப்பாடத்துக்குச் செலவிட்ட நேரம் சராசரியாக வாரத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி. ஷாங்ஹாயில் ஏறக்குறைய பதினான்கு மணி. பின்லாந்திலும் தென்கொரியாவிலும் மூன்று மணிக்கும் குறைவு. இந்த இரண்டு நாடுகளும் அந்தத் தேர்வில் பின்தங்கிவிடவில்லை. கூடுதல் நேரம் என்றால் கூடுதல் அறிவு என்ற வாதம் இங்கே நொண்டுகிறது அல்லவா? கொரியப் பிள்ளைகள் டியூஷனில் வதைபடுவது வேறு கதை. அதையும் நாம் மறைக்கவில்லை.

அதே கணக்கில் இன்னொன்றும் வெளிப்பட்டது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஏழை வீட்டுப் பிள்ளைகளைவிட வாரத்துக்கு ஒன்றரை மணிக்கும் மேலாக வீட்டுப்பாடம் செய்தார்கள். ஏழைப் பிள்ளை சோம்பேறி என்பதாலா? இல்லை. இடமும் அமைதியும் உதவியும் இல்லை என்பதால். ஏற்றத்தாழ்வைக் குறைக்கத்தான் பள்ளிக்கூடம். பள்ளி செய்ய வேண்டியதை வீட்டுக்கு அனுப்பினால், வீடுகளுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வு அப்படியே மதிப்பெண் தாளில் ஏறிவிடுகிறது.

மற்ற நாடுகள் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. பிரான்ஸ் 1956-லேயே தொடக்கப் பள்ளிகளில் எழுத்து வீட்டுப்பாடத்தைத் தடுத்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2018-ல் முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றது. இந்திய அரசாங்கத்தின் 2020-ம் ஆண்டுப் பள்ளிப்பை கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நாளைக்கு ஒரு மணி, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை இரண்டு மணி என்று வரம்பு சொன்னது. சீனாவே 2021-ல் வீட்டுப்பாடத்தையும் டியூஷனையும் கட்டுப்படுத்த முனைந்தது. எழுதிய வரம்பெல்லாம் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. வரம்பு ஒன்று எழுதப்பட்டால்தான் மீறினால் கேட்க முடியும். சங்கத்து ஒப்பந்தங்கள் நமக்குக் கற்பித்த பாடம் அது.

நம்மவரின் மறுப்பு

"நாம் பட்ட பாடு பிள்ளை படக் கூடாது, உளி பிடிக்காமல் தப்ப வேண்டுமானால் மற்றவர் பிள்ளையைவிட இரட்டிப்பாய் உழைக்கத்தான் வேண்டும்" என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். அந்த ஆதங்கம் நமக்கும் உண்டு. படிப்பே ஏணி என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. கற்றதை ஒரு முறை தானே செய்து பார்க்காவிட்டால் மனத்தில் நிற்காது என்பதும் உண்மை. வீட்டுப்பாடமே வேண்டாம் என்று நாம் கேட்கவில்லை.

ஆனால் தோழர்களே, அளவுக்கு மீறி ஆழமாய்ச் சீவினால் மரம் என்னாகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? அன்றைக்கு நாலு சொட்டுப் பால் கூட வரும். பட்டையில் காயம் விழும், முடிச்சு விழும், அந்த இடத்தில் மறுபடி நல்ல பட்டை வளராது. மரத்துக்கு ஓய்வு நாள் விட்டுச் சீவத் தெரிந்த நமக்கு, பிள்ளைக்கு ஓய்வு விடத் தெரியவில்லையே! நள்ளிரவில் கூட்டாளியின் நோட்டைப் பார்த்துக் காப்பியடித்து முடிக்கும் பாடத்தில் படிப்பு எங்கே இருக்கிறது? அடிக்குப் பயந்து நிரப்பிய பக்கங்கள்தாம் இருக்கின்றன. முடிக்க முடியாத பிள்ளையோ முதலில் பொய் சொல்கிறது. பிறகு பள்ளிக்கு மட்டம் போடுகிறது. பிறகு ஒரு நாள் போகாமலே நின்றுவிடுகிறது.

வீட்டுப்பாடத்தைப் புரிந்துகொள்ள டியூஷன். டியூஷனில் கொடுக்கும் பாடத்தைச் செய்ய இன்னும் ஓர் இரவு. குறைந்தபட்சச் சம்பளம் 2025-ல் 1,700 வெள்ளியாக உயர்ந்தபோது மகிழ்ந்தோம். இரண்டு பிள்ளைகளுக்கு நாலு பாடம் டியூஷன் என்றால் அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். இலவசக் கல்வி என்பது ஏட்டில் இருக்கிறது. கட்டணம் இரவு நேரத்தில் வசூலாகிறது.

முதலில் விழுவது தமிழ்

சுமை தாங்காத வண்டியிலிருந்து எதை முதலில் இறக்கிப் போடுகிறார்கள்? தமிழை! பதினைந்து மாணாக்கரின் பெற்றோர் கேட்டால் இடைநிலைப் பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்த 1996-ம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடம் கொடுக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களே எழுதலாம் என்று 2009-ல் அறிவிப்பு வந்தபோது சமுதாயமே குரல் கொடுத்து, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எழுதப் பன்னிரண்டு வரை அனுமதி பெற்றது. பெற்ற உரிமையைப் பயன்படுத்துவது எப்படி? தமிழ் வகுப்பு பல பள்ளிகளில் பாட நேரத்துக்கு வெளியே நடக்கிறது. இலக்கிய வகுப்புக்குச் சனி, ஞாயிறு போக வேண்டியிருக்கிறது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் பிள்ளை எப்படி வீடு சேரும்? "இவ்வளவு பாடத்தில் இது வேறு எதற்கு?" என்று பெற்றோர் நொந்துகொள்கிறார்கள். போராடி வாங்கிய உரிமை களைப்பினால் கைநழுவிப் போகிறது. ஆகவே வீட்டுப்பாடச் சுமையைக் குறைக்கக் கேட்பது தமிழைக் காக்கக் கேட்பதும் ஆகும்.

நம் பங்குக் குற்றம்

பிறரைக் கேட்குமுன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று டியூஷன் போனால் நம் பிள்ளை நாலு போக வேண்டும் என்று போட்டி போடுவது யார்? இரவு பத்து மணிக்கும் தொலைக்காட்சியை அலற விடுவது யார்? ஆண் பிள்ளை படிக்கப் பெண் பிள்ளை பாத்திரம் கழுவிய பின்பே நோட்டைத் திறக்கலாம் என்று வைத்திருப்பது யார்? திருவிழாவுக்கு மட்டும் திறந்து ஆண்டு முழுதும் பூட்டிக் கிடக்கும் கோயில் மண்டபங்கள் யாருடையவை? சங்கமும் இந்தக் குற்றத்தில் பங்குடையதே. சம்பள ஒப்பந்தத்தில் பிள்ளையின் படிப்பறையைப் பற்றி எத்தனை முறை பேசினோம்?

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வழி காட்ட நீங்கள் இருந்தீர்கள். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம், பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்கும் அந்த வழியைக் காட்டக் கூடாதா? தொழிலாளி, உத்தியோகஸ்தர் என்று பிரிந்து நின்ற காலம் மலையேறட்டும்.

நாம் கேட்பது இவைதாம்

ஒன்று: ஒவ்வொரு வகுப்பிலும் ஒரே வீட்டுப்பாடப் பதிவேடு வேண்டும். எல்லா ஆசிரியர்களும் அதில் எழுத வேண்டும். வகுப்பாசிரியர் கூட்டிப் பார்க்க வேண்டும். கீழ்ப்படிவங்களுக்கு நாளைக்கு ஒரு மணி, மேற்படிவங்களுக்கு இரண்டு மணி. அதற்கு மேல் ஏறக் கூடாது. தீபாவளி, தைப்பூச விடுமுறையில் வீட்டுப்பாடமே கூடாது.

இரண்டு: கணினியும் இணையமும் அச்சும் தேவைப்படும் திட்டப்பணிகளைப் பள்ளியிலேயே, பள்ளி நேரத்திலேயே செய்ய வழி வேண்டும்.

மூன்று: தமிழ் வகுப்பு பாட அட்டவணைக்குள் வர வேண்டும். புறப்பாட நடவடிக்கைகள் கடைசி பஸ்ஸுக்கு முன் முடிய வேண்டும். பல்கலைக்கழக நுழைவு மதிப்பீட்டில் புறப்பாடத்துக்குப் பத்து விழுக்காடு வைத்தவர்கள், அதில் கலந்துகொண்டு வீடு திரும்ப வண்டியையும் வைக்கட்டும்.

நான்கு: தோட்டந்தோறும் அடுக்குமாடிதோறும் ஒரு படிப்பறை வேண்டும். தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்தபட்ச அளவு சொல்லும் 1990-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இந்தத் தேவையையும் சேர்த்துக்கொள்ள நிர்வாகங்களும் அரசாங்கமும் முன்வர வேண்டும். அதுவரை கோயில் மண்டபத்தையும் சங்கக் கிளை அறையையும் மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை நாமே திறந்து வைப்போம்.

இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வரவேற்கிறோம். பிள்ளை பள்ளிக்கு வர வேண்டும் என்று சட்டம் போட உரிமை உள்ளவர்களுக்கு, எத்தனை மணிக்கு அதைத் தூங்கவிட வேண்டும் என்று சொல்லும் பொறுப்பும் உண்டு.

தோழர்களே! வருகிற பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு வேலை களைப்பு என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். பிள்ளையின் ஒரு வாரக் கணக்கைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஐந்து மணி முதல் பதினொன்றரை மணி வரை, வரிவரியாய் எழுதுங்கள். ஆசிரியர் முன் மரியாதையாய் வைத்து, "ஐயா, இதைக் கூட்டிப் பாருங்கள்" என்று மட்டும் கேளுங்கள். ஒரு வீட்டுத் தாள் கசங்கிப் போகலாம். ஐம்பது வீட்டுத் தாள் ஒன்றாய்ச் சேர்ந்தால் அதை யாரும் கசக்கிப் போட முடியாது. குருவி தலையில் பனங்காயை வைத்தவர்கள் யாராயினும், இறக்கி வைக்கும் கை நம்முடையதாய் இருக்கட்டும்!